அட்டாலியில் கிடந்த இரண்டு ஸ்ட்ரட்கள்



போன வாரம் எங்கள் பழைய மாருதி 800 படத்தைப் போட்டு, "முன் ஷாக் இரண்டும் பிழைத்துவிட்டன" என்று ஒரு வரி எழுதியிருந்தேன். அதற்கு இத்தனை கேள்விகள் வரும் என்று நினைக்கவில்லை. "27 வருஷ வண்டிக்கு இது தேவையா சார்?", "புதுசே கடையில கிடைக்குதே, பழசை எதுக்கு ரிப்பேர் பண்ணினீங்க?", "எவ்வளவு ஆச்சு?" என்று ஆளாளுக்குக் கேட்டிருந்தீர்கள். எல்லாவற்றுக்கும் சேர்த்து எழுதிவிடுகிறேன். பதிவு கொஞ்சம் நீளம். வாத்தியார் எழுதினால் அப்படித்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

விஷயம் தொடங்கியது ஒரு பஸ் டிக்கெட்டில். என் மனைவிக்கு இடுப்புப் பக்கம் தண்டுவடத்தில் தேய்மானம். மாதம் இரண்டு முறை கோவைக்குப் போய் பிசியோதெரபி செய்துகொள்ள வேண்டும். எப்போதும் நான்தான் காரில் கூட்டிப் போவேன். சென்ற ஆண்டு ஆகஸ்டில் ஒரு நாள், "இந்த மாசம் நான் பஸ்லயே போயிக்கிறேனுங்க, நீங்க அலைய வேண்டாம்" என்றாள். அடுத்த முறையும் பஸ். மூன்றாவது முறையும் அதையே சொன்னபோதுதான் எனக்கு உறைத்தது. 66 வயது மனிதனுக்கு அலைச்சல் வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை. என் காரில் உட்கார முடியவில்லை என்பதைத்தான் அப்படிச் சொல்லியிருக்கிறாள். கேட்டேன். "வேகத்தடைல எறங்குறப்ப எடது பக்கம் டக்குனு ஒரு அடி விழுது. அது நேரா இடுப்புலதான் விழுது. பஸ்ல நடுவுல உக்காந்தா அவ்வளவு தெரியல" என்றாள். எத்தனை நாளாக என்றேன். பதில் சொல்லவில்லை.

அந்த வண்டியை 1997-இல் வாங்கினேன். பி.எஃப். கடன் ஒரு பங்கு, அவளுடைய வளையல் நான்கு ஒரு பங்கு. மாருதி 800 என்பது 1983 டிசம்பரில் ஓடத் தொடங்கி 2014 ஜனவரியில் உற்பத்தி நின்ற வண்டி. அதே 2014 மே மாதம்தான் நானும் ஓய்வு பெற்றேன். "ரெண்டு பேருக்கும் ஒரே வருஷம் ரிட்டயர்மென்ட்" என்று வீட்டில் கேலி செய்வார்கள். மகன் வண்டியை விற்றுவிடச் சொல்லி ஐந்து வருடமாக நச்சரிக்கிறான். விற்றால் வருவது ஒரு நல்ல ஸ்கூட்டர் விலையில் பாதிகூட இருக்காது. ஆனால் விஷயம் விலையில் இல்லை. 2022-இல்தான் பதிவைப் புதுப்பித்து அடுத்த 5 ஆண்டுக்கு ஓட்ட அனுமதி வாங்கினேன். எஞ்சின் குண்டூசி விழும் சத்தம் கேட்கிற மாதிரி ஓடுகிறது. கெட்டுப்போனது முன் ஸ்ட்ரட் மட்டும்தான்.

ஸ்ட்ரட் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். தெரிந்தவர்கள் இரண்டு பத்தியைத் தாண்டிப் போகலாம்.

வண்டியின் எடையை ஷாக் அப்சார்பர் தாங்குகிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அப்படியில்லை. எடையைத் தாங்குவது சுருள்வில், அதாவது காயில் ஸ்பிரிங். ஸ்பிரிங்கை மட்டும் வைத்து வண்டி ஓட்டினால் ஒரு குழியில் இறங்கி ஏறியதும் வண்டி ஊஞ்சல் மாதிரி ஆடிக்கொண்டே இருக்கும். அந்த ஆட்டத்தை அடக்குவதுதான் ஷாக்கின் வேலை. உள்ளே எண்ணெய். அதற்குள் ஒரு பிஸ்டன், பிஸ்டனில் சிறு துளைகளும் வால்வும். சக்கரம் மேலும் கீழும் போகும்போது எண்ணெய் அந்தத் துளைகள் வழியாக நெருக்கிக்கொண்டு போக வேண்டியிருக்கிறது. ஆட்டத்தின் ஆற்றல் எண்ணெயில் வெப்பமாக மாறிக் காற்றில் கலந்துவிடுகிறது. பிளஸ் ஒன் பாடத்தில் 'தடையுறு அலைவுகள்' என்று வரும். பலகையில் ஒரு அலையை வரைந்து, போகப்போக உயரம் குறைவதாகக் காட்டி, "கார்களில் உள்ள அதிர்வேற்பான் இதற்கு எடுத்துக்காட்டு" என்று 30 வருடம் சொல்லியிருக்கிறேன். ஒரு அதிர்வேற்பானைக்கூட நான் பிரித்துப் பார்த்ததில்லை.

மாருதி 800-இன் முன்பக்கம் இருப்பது சாதாரண ஷாக் அல்ல, மெக்ஃபெர்சன் ஸ்ட்ரட். ஏர்ல் மெக்ஃபெர்சன் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1940களில் ஜெனரல் மோட்டார்ஸில் ஒரு சிறிய, விலை குறைந்த காருக்காக வேலை செய்தபோது யோசித்த அமைப்பு இது. அந்தக் கார் சந்தைக்கே வரவில்லை. அவர் ஃபோர்டுக்குப் போனார். 1950களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் விற்ற ஃபோர்டு கன்சல் கார்களில் அது வந்தது. பிறகு உலகத்தின் சின்னக் கார்களில் பெரும்பாலானவை அதையே எடுத்துக்கொண்டன. காரணம் எளிது. ஷாக்கும் ஸ்பிரிங்கும் ஒரே தூணாக நிற்கின்றன. அந்தத் தூணே சக்கரத்தையும் பிடித்துக்கொள்கிறது, ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது தானும் திரும்புகிறது. பாகங்கள் குறைவு, இடமும் மிச்சம். இத்தனை வேலையை ஒரே தூணில் கட்டியதால் அதன் ராடு மேலும் கீழும் போவதோடு பக்கவாட்டு விசையையும் தாங்க வேண்டியிருக்கிறது. அதனால்தான் ஸ்ட்ரட்டின் ராடு மற்ற ஷாக்குகளின் ராடைவிடத் தடிமனாக இருக்கும். அந்தப் பக்கவாட்டு அழுத்தத்தில்தான் மேலே உள்ள புஷ் முதலில் தேயும். புஷ் தேய்ந்தால் ராடு ஆடும், ராடு ஆடினால் ஆயில் சீல் கிழியும், சீல் போனால் எண்ணெய் வெளியேறும். பிறகு அது வெறும் இரும்புக் குழாய்தான்.

இனி என் முட்டாள்தனத்துக்கு வருகிறேன்.

2019-இல் 1,20,000 கிலோமீட்டர் தாண்டியதும் முன் ஸ்ட்ரட் இரண்டிலும் லேசாக எண்ணெய்க் கசிவு தெரிந்தது. அப்போது போன பட்டறையில், "மாத்திருங்க சார், பாதி விலைல நல்ல சரக்கு இருக்குது" என்றார்கள். பெட்டியைப் பார்த்தால் அசல் மாதிரியே இருந்தது. மாட்டினேன். எட்டே மாதத்தில் இடது பக்கம் கசிந்தது. கொரோனா காலம், வண்டி நின்றே கிடந்ததால் பெரிதாகத் தெரியவில்லை. 2021-இல் இடது பக்கம் மட்டும் இன்னொன்று வாங்கி மாட்டினேன். இது இரண்டாவது தப்பு. ஒரு பக்கம் புதுசு, ஒரு பக்கம் பழசு என்று போட்டால் பிரேக் பிடிக்கும்போதும் வளைவிலும் வண்டியின் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி நடந்துகொள்ளாது. 2023-இல் அந்த இரண்டாவது மாலும் போய்விட்டது.

இதில் நான் செய்த ஒரே நல்ல காரியம், 2019-இல் கழற்றிய அசல் ஸ்ட்ரட் இரண்டையும் பட்டறையில் விட்டுவிட்டு வராமல் சாக்கில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தது. எதையும் தூக்கிப் போடாத புத்தி. "இதென்ன பீரங்கியா, அட்டாலில ஏத்தி வெக்கறீங்க" என்று மனைவி திட்டினாள். நாலு வருடம் அங்கேயே கிடந்தன.

பக்கத்து ஊரில் ஒரு பட்டறைக்காரர் பழைய ஸ்ட்ரட்டை வெட்டிப் பிரித்து மறுபடி கட்டித் தருகிறார் என்று டிராக்டர் வைத்திருக்கும் உறவினர் ஒருவர் சொன்னார். டிசம்பரில் போனேன். தகரக் கொட்டகை, ஒரு லேத், ஒரு வெல்டிங் மெஷின், வைஸ் பொருத்திய மேஜை. நாற்பது வயதுத் தம்பி ஒருவரும் அவரிடம் வேலை பழகும் பையன் ஒருவனும். சாக்கைப் பிரித்துக் காட்டினேன். இரண்டையும் கையில் எடுத்துத் தூக்கிப் பார்த்தார். "கம்பெனியோட வந்ததுங்களா சார்? குழாய் நல்ல கனம். இதுக்கு உயிர் இருக்குதுங்க" என்றார். அடுத்து, ராடு வெளியே நீட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்து முகம் சுளித்தார். "ராடை உள்ள தள்ளி, எண்ணெய் பூசி, துணி சுத்தி வெச்சிருக்கோணுங்க. இப்படியே போட்டா துரு புடிக்காம என்ன பண்ணும்?" இடது ராடில் புள்ளி புள்ளியாகத் துரு. எனக்குத் திட்டு வாங்கிப் பழக்கமில்லை, ஆனாலும் வாங்கிக்கொண்டேன்.

அடுத்த நாள் காலை வண்டியை ஜாக்கியில் ஏற்றி, கீழே ஸ்டாண்டு வைத்து, சக்கரங்களைக் கழற்றினோம். பிரேக் ஹோஸைப் பிடித்திருக்கும் கிளிப்பை எடுத்து, கீழே நக்கிளோடு பிடித்திருக்கும் போல்ட்டுகள் இருந்த இடத்தைச் சாக்பீஸால் குறித்துவைத்து, மேலே போனெட்டுக்குள் உள்ள நட்டுகளைக் கழற்றியதும் ஸ்பிரிங்கோடு சேர்ந்து மொத்தத் தூணும் கையில் வந்துவிட்டது. சக்கரம் தொங்கும்போது அதன் எடை பிரேக் ஹோஸில் விழக்கூடாது என்று ஒரு கம்பியால் கட்டிவைத்தார்.

அவர் உள்ளே எதையோ எடுக்கப் போனார். தூண் மேஜைமேல் இருந்தது. உச்சியில் நடு நட்டு. அதைக் கழற்றினால் ஸ்பிரிங் வந்துவிடும், வேலை மிச்சமாகுமே என்று ஸ்பானரை எடுத்து வைத்துவிட்டேன். அரைச் சுற்று சுற்றியிருப்பேன்.

"சார்!"

அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. ஓடிவந்து என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு மெதுவாக, "அது கழண்டா ஸ்பிரிங் மொகத்துக்கு வந்துருங் சார். போன வருஷம் ஒருத்தருக்குத் தாடை போச்சு" என்றார். உள்ளே போனது ஸ்பிரிங் கம்ப்ரஸர் எடுக்கத்தான். இரண்டு பக்கமும் கொக்கி மாட்டி, திருகைச் சம அளவில் இறுக்கி, ஸ்பிரிங்கைச் சுருக்கி, தட்டிலிருந்து அது விடுபட்டு ஆடுகிறதா என்று பார்த்த பிறகுதான் அந்த நட்டைத் தொட்டார்.

வண்டி மேலே தூக்கியிருக்கும்போதும் அந்த ஸ்பிரிங் முழுதாக விரிந்த நிலையில் இருப்பதில்லை. இரண்டு தட்டுக்கு நடுவே அழுத்தித்தான் அடைத்திருப்பார்கள். அமுக்கிய ஸ்பிரிங்கில் எவ்வளவு ஆற்றல் சேமித்திருக்கும்? சுருள்வில் மாறிலியை, அமுங்கிய தூரத்தின் இருமடியால் பெருக்கி, பாதியாக்க வேண்டும். இரண்டு மதிப்பெண் வினா. எத்தனை ஆயிரம் விடைத்தாளில் இதைத் திருத்தியிருப்பேன். ஆனால் அந்த மேஜை முன்னால் நின்றபோது, என் முகத்துக்கு நேரே அந்த ஆற்றல் இருக்கிறது என்பது எனக்குத் தோன்றவே இல்லை. டீ வந்தது. கிளாஸ் கையில் நடுங்கியது.

பிறகு அசல் ஸ்ட்ரட்களைத் திறந்தார். எடுத்ததும் லேத்தில் போடவில்லை. குழாயில் சிறு துளையிட்டு உள்ளிருந்த அழுத்தத்தையும் எண்ணெயையும் வெளியேற்றினார். அழுத்தம் உள்ளே இருக்கும்போது வெட்டினால் தெறிக்கும் என்றார். வந்த எண்ணெய் கன்னங்கரேலென்று, அரை டம்ளர்கூட இல்லை. கம்பெனியில் குழாயின் வாயை உட்பக்கம் மடக்கி மூடியிருப்பார்கள், திறக்க வழியிருக்காது. அந்த மடிப்பை லேத்தில் சீவி எடுத்ததும் சீல், புஷ், ராடு, பிஸ்டன், உள் குழாய் எல்லாம் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. டீசலில் கழுவி ஒரு தட்டில் வரிசையாக அடுக்கினார். 22 வருடம் ஓடிய பொருள். உள் குழாயில் கீறல் இல்லை. பிஸ்டனும் அடி வால்வும் அப்படியே இருந்தன. சீல் மட்டும் பழைய ரப்பர் செருப்பு மாதிரி இறுகிப் போயிருந்தது. மேல் புஷ் ஒரு பக்கம் தேய்ந்து முட்டை வடிவத்தில் இருந்தது. அந்தப் பக்கவாட்டு விசையைப் பற்றி மேலே சொன்னேனே, அதன் கையெழுத்து அதுதான்.

என் ஆசைக்கு, வண்டியிலிருந்து கழற்றிய மலிவு மால் ஒன்றையும் வெட்டிக் காட்டச் சொன்னேன். ராடின் குரோமியப் பூச்சு பாம்புச் சட்டை மாதிரி உரிந்திருந்தது. வெளிக் குழாயின் கனம் அசலில் பாதிகூடத் தேறாது. பிஸ்டன் குழாய்க்குள் கடகடவென்று ஆடியது. "இதுல கட்டறதுக்கு ஒண்ணுமில்லைங்க" என்று ஓரமாக வைத்தார். பழசை ஏன் ரிப்பேர் செய்தேன் என்று கேட்டவர்களுக்கு இதுதான் பதில். கெட்டது சீலும் புஷ்ஷும்தான், நல்ல இரும்பு கெடவில்லை. நான்தான் நல்ல இரும்பைக் கழற்றிவிட்டுக் கெட்ட இரும்பை மாட்டினேன்.

இரண்டு ராடையும் கோவையில் குறிச்சி சிட்கோ பக்கம் ஒரு ஹார்டு குரோம் பட்டறைக்கு அனுப்பினோம். இடதில்தான் துரு இருந்தாலும் ஜோடியாகச் செய்வதுதான் முறை என்றார். பழைய பூச்சையும் துருவையும் நீக்கி, அமிலத் தொட்டியில் தொங்கவிட்டு மின்சாரம் பாய்ச்சி, குரோமியம் ஏற்றி, மறுபடி அளவுக்குத் தேய்த்து மெருகேற்ற வேண்டும். ஷாக் ராடின் மேல் இருக்கும் அந்தப் பூச்சு சாதாரணமாக 20, 25 மைக்ரான்தான் இருக்கும். நம் தலைமுடியின் தடிமனில் பாதிகூடக் கிடையாது. அந்த மெல்லிய தோலை நம்பித்தான் சீல் நிற்கிறது. அதில் மண் துகள் ஒன்று கீறல் போட்டாலும் சீலை அது ரம்பம் மாதிரி அறுக்கும். ராடின் மேல் ஏன் ரப்பர் உறை போடுகிறார்கள் என்பது அப்போதுதான் புரிந்தது. (அந்தத் தொட்டித் திரவம் உடம்புக்குக் கொடிய நஞ்சு. புற்றுநோய் தரக்கூடியது. அங்கே வேலை செய்யும் பிள்ளைகளைப் பற்றி இன்னொரு நாள் எழுத வேண்டும்.)

ராடு வர ஐந்து நாள் ஆனது. அதற்குள் குழாயின் வாயில் மரை வெட்டிய ஒரு வளையத்தை வெல்டு செய்து, அதற்கேற்ற மூடியையும் கடைந்துவைத்திருந்தார். அடுத்த முறை சீல் போனால் வெட்ட வேண்டாம், மூடியைத் திருகிக் கழற்றினால் போதும். வெல்டிங்கை, உள்ளே ஒரு பாகமும் இல்லாமல், வெறும் குழாயாக இருக்கும்போதே முடித்துவிட்டார். எண்ணெய் ஊற்றுவதற்குக் கண்ணாடி அளவுக் குவளை எடுத்தார். ஷாக்குக்கென்றே விற்கும் மெல்லிய எண்ணெய். சிலர் எஞ்சின் ஆயிலை ஊற்றிவிடுகிறார்கள், அது குளிரில் கட்டி, சூட்டில் தண்ணீர் என்றார்.

குழாய் நிறைவதற்கு முன்பே நிறுத்திவிட்டார். வாத்தியார் புத்தி, சோதித்துப் பார்க்கலாம் என்று, "ஏன் தம்பி, முழுசா ஊத்தினா இன்னும் நல்லா வேலை செய்யாதா?" என்று கேட்டேன்.

அவர் ராடைக் கையில் எடுத்தார். "இது உள்ள எறங்குறப்ப அதுவே எடத்த அடைக்குமில்லீங்களா சார்? அந்த எண்ணெய் எங்க போகும்? எண்ணெயை அமுக்க முடியாதுங்க. காத்த அமுக்கலாம். அதுக்குத்தான் மேல காத்துக்கு எடம் உடறது. உடலீன்னா மொத குழிலயே சீல் பிச்சுக்கும்."

ராடின் பருமன், திரவத்தின் அமுங்காத்தன்மை, வாயுவின் அமுங்கும் தன்மை. மூன்று பாடம், நாலு வாக்கியம்.

மூடியை இறுக்கி, ஸ்ட்ரட்டை நிமிர்த்தி நிறுத்தி, காற்று வெளியேற மெதுவாக ஏழெட்டு முறை இழுத்து அழுத்தினார். பிறகு என்னிடம் கொடுத்து இழுக்கச் சொன்னார். இழுக்கும்போது கனமாக, தேனுக்குள் இருந்து கரண்டியை எடுப்பதுபோல வந்தது. அழுத்தும்போது அவ்வளவு கனமில்லை. ஏன் இரண்டும் ஒரே மாதிரி இல்லை என்று இப்போது உண்மையாகவே தெரியாமல் கேட்டேன். அமுங்கும்போது ஸ்பிரிங்கே எதிர்த்துப் பிடிக்கும், ஷாக்குக்கு வேலை குறைவு. அமுங்கிய ஸ்பிரிங் திருப்பி உதைக்கும்போதுதான் யாராவது பிடிக்க வேண்டும், அதனால்தான் இழுவை கனம் என்றார். நான் பலகையில் வரைந்த அலை இரண்டு பக்கமும் ஒரே மாதிரிச் சரியும். நிஜ வண்டியில் அப்படி இல்லை என்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

"எங்க தம்பி கத்துக்கிட்டீங்க?" என்றேன்.

"உங்க ஸ்கூல்லதானுங் சார்" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. 1998-இல் பத்தாவது முடித்துப் பிளஸ் ஒன் சேர வந்தவர். "சயின்ஸ் குரூப் கேட்டனுங்க. நீங்கதான் அட்மிஷன்ல உக்காந்திருந்தீங்க. மார்க்கப் பாத்துட்டு, உனக்கு ஜெனரல் மெஷினிஸ்ட்தான் செட் ஆகும்னு எழுதிட்டீங்க."

எனக்கு அவர் முகம் நினைவில்லை. அந்த வருடங்களில் நான் அப்படி நூறு பேருக்காவது எழுதியிருப்பேன். மதிப்பெண் குறைந்த பிள்ளைகளைத் தொழிற்கல்விப் பிரிவுக்குத் தள்ளுவது என்பது எங்கள் ஆசிரியர் அறையில் ஒரு நகைச்சுவை. "அந்தப் பக்கம் அனுப்பிடுங்க" என்போம். அந்தப் பக்கம் என்றால் மைதானத்தின் ஓரத்தில் இருந்த ஓட்டுக் கட்டடம். 30 வருடத்தில் நான் அந்தக் கட்டடத்துக்குள் நுழைந்தது தேர்தல் பணிக்காக இரண்டு முறை. உள்ளே ஒரு லேத் இருந்தது என்பது மட்டும் நினைவிருக்கிறது.

"நல்லதாத்தானே ஆச்சு" என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. "அப்ப வருத்தப்பட்டீங்களா?" என்றுதான் கேட்டேன்.

"அப்ப இருந்துச்சுங் சார்" என்றார். அவ்வளவுதான். அடுத்த ஸ்ட்ரட்டை வைஸில் மாட்டினார்.

அன்று அவருக்கு வந்தது தப்பான பிரிவா, சரியான பிரிவா என்று எனக்கு இப்போதும் தெரியவில்லை. அவர் கையைப் பார்த்தால் சரி என்றுதான் தோன்றுகிறது. ஆனால் அதை நான் தெரிந்துகொண்டு எழுதவில்லை. மதிப்பெண்ணைப் பார்த்து எழுதினேன். அந்தப் பையனிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. என் வீட்டுக்காரியின் இடுப்பு வலியை நாலு மாதம் கவனிக்காமல் இருந்த அதே ஆள்தான் நான்.

மாட்டிய கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். முதல் ஓட்டத்தில் வலது பக்கம் 'தட்... தட்' என்று சத்தம். எனக்குப் பகீர் என்றது. மேலே உள்ள மவுன்ட் ரப்பர் வெடித்திருந்ததைப் பணம் மிச்சம் பிடிக்க நான்தான் "பழசே இருக்கட்டும்" என்று சொல்லியிருந்தேன். மறுபடி இறக்கி, இரண்டு பக்கமும் புது மவுன்ட், பம்ப் ஸ்டாப், தூசி உறை எல்லாம் போட்டோம். அரை நாள் வீண். பிறகு வீல் அலைன்மென்ட். ஸ்ட்ரட்டைக் கழற்றி மாட்டினால் எவ்வளவு கவனமாகக் குறித்துவைத்தாலும் இதைச் செய்துதான் ஆக வேண்டும், இல்லாவிட்டால் டயரை அது தின்றுவிடும்.

செலவு கேட்டவர்களுக்கு: ராடு குரோம் 900, சீல், புஷ், எண்ணெய், லேத் வேலை எல்லாம் சேர்த்து 2,200, மவுன்ட் வகையறா 1,250, கழற்றி மாட்டிய கூலி 1,500, அலைன்மென்ட் 350. மொத்தம் 6,200 ரூபாய். லாபமா என்று கேட்டால், இல்லை. நல்ல தரமான புது ஜோடியை நம்பிக்கையான கடையில் வாங்கினாலும் ஏறக்குறைய இதே கணக்குத்தான் வந்திருக்கும். இரண்டு முறை பெட்டியைப் பார்த்து ஏமாந்தவன் என்பதால் உள்ளே என்ன இருக்கிறது என்று கண்ணால் பார்த்ததை மாட்டினேன். அவ்வளவுதான்.

பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்குச் சில வார்த்தைகள்:

1. வண்டியின் முன் மூலையை உடம்பின் எடையோடு அமுக்கி விடுங்கள். ஒருமுறை எழும்பி அமைதியானால் ஷாக் நன்றாக இருக்கிறது. இரண்டு, மூன்று முறை ஆடினால் போய்விட்டது. பிரேக் பிடிக்கும்போது மூக்கு அதிகமாகக் குனிவது, டயர் அலை அலையாகத் தேய்வது, ஸ்ட்ரட் குழாயில் எண்ணெய்ப் பிசுக்கில் மண் ஒட்டியிருப்பது, எல்லாம் அதே நோய்தான்.

2. மாற்றினாலும் ரிப்பேர் செய்தாலும் இரண்டு பக்கமும் சேர்த்துச் செய்யுங்கள். மவுன்ட் ரப்பரில் என்னைப்போலக் கஞ்சத்தனம் வேண்டாம்.

3. விபத்தில் வளைந்த ராடு, பிளந்த குழாய், துரு தின்ற பிராக்கெட் உள்ள ஸ்ட்ரட்டை யார் சொன்னாலும் ரிப்பேர் செய்யாதீர்கள். அது சக்கரத்தைப் பிடித்திருக்கும் பொருள்.

4. நடு நட்டைக் கம்ப்ரஸர் இல்லாமல் தொடவே தொடாதீர்கள். இயற்பியல் எம்.எஸ்சி. படித்திருந்தாலும் கூடாது.

பட்டறையின் பெயர், போன் நம்பர் கேட்டுப் பலர் எழுதியிருந்தீர்கள். அவரிடம் கேட்டேன். "வேண்டாங் சார், இருக்கற வேலையே முடியல" என்று சொல்லிவிட்டார். கிளம்பும்போது வேறொன்று கேட்டார். மகன் இந்த வருடம் பத்தாவது எழுதுகிறானாம். "என்ன குரூப் சார் போடலாம்?" என்றார். என் வாயில் வழக்கமான பதில் தயாராக இருந்தது. அதை விழுங்கிவிட்டு, "அவன்கிட்டக் கேட்டீங்களா?" என்றேன். சிரித்தார். ஞாயிற்றுக்கிழமை பையனைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வருவதாகச் சொன்னார். வந்தார்கள். பையன் பேச நான் கேட்டுக்கொண்டிருந்தேன். மதிப்பெண் பட்டியலை நான் கேட்கவும் இல்லை, அவன் காட்டவும் இல்லை.

வண்டி இப்போது 6,000 கிலோமீட்டர் ஓடிவிட்டது. ராடுகளில் ஒரு சொட்டுக் கசிவு இல்லை. முதல் முறை மனைவியைக் கோவைக்குக் கூட்டிப் போனபோது எங்கள் ஊர் எல்லையில் அடுத்தடுத்து இருக்கும் மூன்று வேகத்தடைகளுக்கு முன்னால் வழக்கம்போல அவள் கை மேலே உள்ள கைப்பிடிக்குப் போனது. முதலாவது போயிற்று. இரண்டாவதும் போயிற்று. மூன்றாவதற்குக் கை இறங்கி மடிக்கு வந்துவிட்டது.

எப்படி இருக்கிறது என்று நான் கேட்கவில்லை. ஈச்சனாரி தாண்டிய பிறகு அவளே சொன்னாள்:

"இப்பப் பரவால்லீங்க. சீட்டு கவரு மட்டும் கிழிஞ்சு கெடக்குது. அதையும் மாத்திருங்க."

அடுத்த வேலை அதுதான். நல்ல சீட் கவர் தைப்பவர் யாராவது தெரிந்தால் கீழே சொல்லுங்கள்.